தூளில் புகை வாடை

மலேசியாவின் கேமரன் மலையில் வடக்குச் சாலை டிரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று ஊர் ஊராகத் தாண்டிப் போகிறது. வழியெல்லாம் இன்று காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றைத் தாண்டினால் புளூ வேலியின் தேயிலைச் சரிவுகள். மலைக்கு வருபவர்கள் படம் பிடித்துக்கொண்டு போவது அந்தப் பச்சையைத்தான். கொழுந்தைத் தூளாக்கும் நெருப்பு ஆலைக்குள், இலையை உலர்த்தும் டிரையருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் எரிகிறது. அது ஒரு ராத்திரி மக்கர் செய்தால் அன்று பறித்த கொழுந்து அத்தனையும் கெட்டுப்போகும்.

ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்த பிறகும் இலையில் பாதிக்கு மேல் ஈரம்தான். 90 முதல் 100 டிகிரிச் சூட்டில் உலர்ந்த காற்றை இருபது நிமிடம் போல அதன் மேல் பாய்ச்சினால் ஈரம் 3 சதவீத அளவுக்கு இறங்கும். சூடு குறைந்தால் இலை காயாமல் வேகும். கூடினால் மேலே முறுகி, உள்ளே ஈரம் தங்கும். விறகு அடுப்பென்றால் ஒரு கிலோ தூளுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ விறகு போகும்.

இயந்திரம் வருவதற்கு முன்னால் இந்த வேலையைக் கரியடுப்பு செய்தது. கனன்றுகொண்டிருக்கும் கரிக்கு மேல் மூங்கில் தட்டை வைத்து, இலையைக் கையால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அசாமில் இதைப் பார்த்துச் சலித்தவர்களில் ஒருவர் சாமுவேல் டேவிட்சன். 1846இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1864இல், பதினெட்டு வயதுகூட நிறையாத பையனாக, கச்சாரில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். நெருப்பையும் இலையையும் பிரித்துவைத்ததுதான் அவர் செய்த மாற்றம். நெருப்பு இரும்பைச் சுடவைக்கும்; இரும்பு காற்றைச் சுடவைக்கும்; அந்தக் காற்று மட்டும் இலைக்குப் போகும். புகை தனி வழியில் புகைபோக்கிக்குப் போய்விடும். ஊர் திரும்பிய டேவிட்சன், இந்த இயந்திரங்களைச் செய்ய 1881இல் பெல்ஃபாஸ்டில் சிராக்கோ ஆலையைத் தொடங்கினார். இலை உருட்டும் இயந்திரத்துக்குப் பெயர் பெற்றவர் வில்லியம் ஜாக்சன். அவர் வடிவமைத்தவற்றை இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் மார்ஷல் கம்பெனி செய்து விற்றது. உலகத் தேயிலை ஆலைகளில் இந்த இரண்டு ஊர்களின் முத்திரை பரவலாகப் பதிந்தது.

கேமரன் மலைக்கு இந்தத் தொழில் தாமதமாகத்தான் வந்தது. வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்தது 1885இல். ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். அவருடன் சேர்ந்தவர் இலங்கையில் தேயிலை வளர்த்த ஏ. பி. மில்ன். காட்டை அழித்தவர்களுக்குத் துணை சில கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு ஸ்டீம்ரோலரும். தாப்பாவிலிருந்து ஏறும் மலைச்சாலை 1930களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. எந்த இரும்புத் துண்டு வேண்டுமென்றாலும் அந்த வளைவுகளில்தான் ஏறி வர வேண்டும். வடக்கே கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை, 2000களில்தான் கோலா தெர்லாக்காரர்களுக்கு ஈப்போவைப் பக்கத்தில் கொண்டுவந்தது.

அடுப்பு கெட்டுவிட்டதை முதலில் சொல்வது மூக்கு. தூளில் புகை வாடை அடித்தால், காற்றைச் சுடவைக்கும் வார்ப்பிரும்புக் குழாயில் எங்கோ விரிசல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அடுப்பை ஆறவிட்டு, உள்ளே ஒரு விளக்கை ஏற்றிவைத்து, வெளிச்சத்தையெல்லாம் மறைத்துக்கொண்டு காற்று போகும் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். விரிசல் வழியே ஒளிக்கீற்று தெரியும். அகப்படாவிட்டால் ஈரச் சருகைக் கொளுத்திப் புகை எங்கே கசிகிறது என்று பார்ப்பது அடுத்த வழி. சின்ன விரிசலைச் சுடுகளிமண்ணால் அடைத்து அந்தப் பருவத்தை ஓட்டிவிடலாம். பெரிதானால் குழாயையே மாற்ற வேண்டும்.

புகை வாடை இல்லை, ஆனால் சூடு ஏறவில்லை என்றால் சந்தேகம் வேறு பக்கம் திரும்பும். குழாயில் கரி படிந்திருக்கலாம்; அது போர்வை போல் சூட்டைத் தடுக்கும். புகைபோக்கி அடைத்திருக்கலாம். காற்றாடியின் பெல்ட் நழுவியிருக்கலாம். விறகு ஈரமாக இருக்கலாம். மழை ஓயாத மலையில் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விலை மலிவான காரணத்திலிருந்து விலை கூடிய காரணத்துக்குப் போவதுதான் இயந்திரம் பழுது பார்க்கும் நல்ல பிட்டரின் ஒழுங்கு.

குழாய்க்குப் பெரிய எமன், நெருப்பு எரியும்போதே காற்றாடி நின்றுபோவது. சூட்டை எடுத்துச் செல்லக் காற்று இல்லாததால் இரும்பு சிவந்து வளைந்துவிடும். ஆகவே மின்சாரம் போன மறு நிமிடம் அடுப்புக்கு நிற்பவர் கங்கு முழுவதையும் வெளியே இழுத்துப் போட வேண்டும். அவசரத்தில் அடுப்புக்குள் தண்ணீரை அடித்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும். எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் அந்த வேலையில் பாதி.

உதிரிபாகம் கிடைப்பது இன்னொரு கதை. இயந்திரத்தில் பதித்த தகட்டு எண்ணை எழுதி அனுப்பி, கப்பல் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கொஞ்சம் வசதி இருந்தது: 1875இல் ஹட்டனில் தொடங்கிய பிரவுன் கம்பெனியும், கொழும்பு கமர்ஷியல் கம்பெனியும் பக்கத்திலேயே பட்டறை வைத்திருந்தன. மலாயாவில் பெரிய பட்டறைகள் வளர்ந்தது ஈயத்தையும் ரப்பரையும் நம்பி. 1912இல் உருவான யுனைட்டெட் எஞ்சினியர்ஸ் அதற்கு ஓர் உதாரணம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியதும் பெல்ஃபாஸ்டுக்குக் கடிதம் போடும் வழியே அடைபட்டது. 1945 வரை, இருப்பதை ஒட்டுப்போட்டு ஓட்டுவதைத் தவிர வேறு போக்கில்லை.

ஒட்டுப்போடுவதிலும் கணக்கு இருக்கிறது. அடிக்கடி தேயும் பாகம், விறகைத் தாங்கும் கம்பிச் சட்டம். தேய்ந்துபோனதையே மண்ணில் பதித்து அச்செடுத்து வார்த்தால், இரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் சுருங்கி, புதுச் சட்டம் சற்றுக் குட்டையாக வரும். மற்ற பாகங்களுக்கு இது குற்றம். அதனால்தான் மரத்தில் கொஞ்சம் பெரிதாக மாதிரி செதுக்குவார்கள். அடுப்புச் சட்டத்துக்கோ ஓரளவு குட்டையாக இருப்பதே நல்லது. சூட்டில் இரும்பு நீளும். இடம் விடாமல் இறுக்கிப் பொருத்திய சட்டம் ஒரே வாரத்தில் முதுகு வளைந்து எழும்பிவிடும்.

1970களுக்குப் பிறகு தூளைக் காற்றிலேயே மிதக்கவிட்டு உலர்த்தும் புதுவகை டிரையர்கள் பரவின. பல ஆலைகள் அடுப்பை மாற்றின. சில, பழையதையே பழுது பார்த்து ஓட்டுகின்றன. செய்து கொடுத்த கம்பெனிகளுக்கு அந்த ஆயுள் கிடைக்கவில்லை. சிராக்கோ ஆலை 1999இல் மூடப்பட்டது. மார்ஷல் ஆலையின் கட்டடங்கள் 2007 முதல் ஒரு வணிக வளாகம்.

டேவிட்சனின் பெயரும் ஜாக்சனின் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. கங்கை இழுத்துப் போட்டவர்கள், விளக்கை வைத்து விரிசல் தேடியவர்கள், அச்செடுத்து வார்த்தவர்கள் பெயர் அச்சில் ஏறியது அபூர்வம். கேமரன் மலை ஆலைகளில் டிரையருக்கு நின்ற தாத்தாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால், அடுப்பு கெட்ட ராத்திரி என்ன செய்தார்கள் என்று கேட்டு, பெயரோடும் வருடத்தோடும் எழுதி வையுங்கள்.