பஞ்சம் தந்த கூழ்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்காச்சோளக் குறுநொய்யைக் காய்ச்சி, சீஸ் சேர்த்துப் போறணையில் வேகவைத்து உண்பர். அம்மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து வந்த சோளக் கஞ்சியே அதன் மூலம். எளியவரின் வயிறு நிரப்பிய உணவு, பின்னாளில் மனத்துக்கு ஆறுதல் தரும் உணவாயிற்று. நம்மிடையே அவ்வரலாறு ஒடியற் கூழுக்கு உண்டு.

பளை, நில அமைப்பில் யாழ். குடாநாட்டையும் நிருவாகத்தில் கிளிநொச்சி மாவட்டத்தையும் சேர்ந்தது. தென்னையும் பனையும் நிறைந்த மணற்பூமி. பனம் விதைகளைப் பாத்தியிலிட்டுக் கிழங்காக்கி, பச்சையாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுக் காறலை வடித்த பின்னரே கூழ் காய்ச்சுவர். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, ஒரு பிடி அரிசி, அரைத்த செத்தல் மிளகாய், புளி ஆகியன சேரும். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தால் அதன் சுவையே தனி.

1970களின் முற்பகுதியில் இறக்குமதி சுருங்கி அரிசிப் பங்கீடு குறைந்தபோதும், 1990இல் புகையிரதம் நின்று பொருளாதாரத் தடை இறுகியபோதும், பனையே பலருக்குக் கைகொடுத்தது. ஆனால் அப்பனையைப் போர் விட்டுவைக்கவில்லை. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணைகள் வட்டுகளைக் கொய்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. அதன்பின் பளைக்கு அருகிலுள்ள முகமாலை 2009 தொடக்கம் வரை போர்முனையாய் இருந்தது. நாட்டின் மிக மோசமான கண்ணிவெடி வயல்களுள் ஒன்றாகவும் அது மாறிற்று. விழுந்த பனம்பழத்தை எடுக்கக் காணிக்குள் கால்வைப்பதே உயிராபத்தாயிற்று.

2014 மார்ச்சில் பளைக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணிகளும் கட்டங்கட்டமாகவே மக்களிடம் திரும்பின. தண்டவாளத்தைச் சில ஆண்டுகளில் இட்டுவிடலாம். பனை அப்படியன்று, விதை நட்டுக் காய்ப்பதைக் காணப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும்.

இன்று தொரன்ரோவிலும் இலண்டனிலும் பொதிசெய்த ஒடியல் மா கிடைக்கிறது. குளிர்காலத்தில் உறவுகள் கூடிக் கூழ் காய்ச்சுகின்றனர். ஆறுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கூழின் வேர் இருப்பது பளை போன்ற ஊர்களின் மணலில். அங்கே விதை ஊன்றுவோர் இல்லையேல், நாளை நம் பிளாவில் எஞ்சுவது நினைவு மட்டுமே.