எந்த இரு இந்துக்களும்

திருமணம் என்பது ஆதிகாலந்தொட்டு மாறாமல் இருந்துவரும் ஸ்தாபனம், அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது நம் அரசியல்வாதிகளுக்குப் பிரியமான அபிப்பிராயம். 2023 மார்ச்சில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாண வாக்குமூலத்தின் சாரமும் இதுதான். பிறப்பால் ஆணான ஒருவனும் பெண்ணான ஒருத்தியும் சேர்வதே திருமணம், அதுவே இந்தியக் குடும்பம் என்றது அது. ஒருபால் திருமணம் கேட்பவர்களை நகர்ப்புற மேட்டுக்குடியின் குரல் என்று அடுத்த மாதமே ஒதுக்கிவிட்டது. இந்த மாறாத ஸ்தாபனம் கடந்த நூறு ஆண்டுகளில் எத்தனை முறை மாறியது, ஒவ்வொரு முறையும் எதிர்த்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உபயோகமான காரியம்.

‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ்ப் பண்பாட்டின் சாரமாக மேடைதோறும் முழங்கப்படும் இது, சென்னை மாகாணத்தில் இந்து ஆண்களுக்குச் சட்டமானது 1949-இல்தான். இந்தியா முழுமைக்கும் 1955-இல். இடைப்பட்ட காலத்தில் இந்து சட்ட மசோதாவை எதிர்த்தவர்களில் ஆர்.எஸ்.எஸ். இருந்தது, இந்து மகாசபை இருந்தது, பின்னால் ஜனசங்கத்தை நிறுவிய சியாமா பிரசாத் முகர்ஜி இருந்தார். காங்கிரஸுக்குள்ளேயே ராஜேந்திர பிரசாத் இருந்தார். திருமணம் புனிதமான சடங்கு, அதில் சட்டசபைக்கு வேலையில்லை என்பது வாதம். மசோதா முடங்கியதும் 1951 செப்டம்பரில் அம்பேத்கர் மந்திரிசபையிலிருந்து விலகினார். அன்று பண்பாட்டை அழிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட அதே சட்டத்தைத்தான், 2023-இல் அந்தப் பாரம்பரியத்தின் வாரிசுகள் பண்பாட்டுக்குச் சாட்சியாக நீதிமன்றத்தில் நீட்டினார்கள். வைதீகம் என்றால் அதற்கு ஒரு நிலையான சாஸ்திரமாவது இருக்கும். இங்கே நேற்றைய எதிரியே இன்றைய சாஸ்திரம்.

377-ஆவது பிரிவின் கதையும் வேறல்ல. மெக்காலே வழியில் வந்து 1860-இல் சட்டமாகி 1862 ஜனவரியிலிருந்து அமலான விக்டோரியா காலத்துச் சரக்கு அது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தபோது பா.ஜ.க.வின் அன்றைய தலைவர் ராஜ்நாத் சிங் அதை ஆதரித்தார். காலனிய அடிமைப் புத்தியை ஒழிக்கப் புறப்பட்ட கட்சிக்கு இந்த ஒரு காலனியச் சொத்து மட்டும் சுதேசியாகப் பட்டது. காங்கிரஸுக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. டில்லி உயர் நீதிமன்ற வழக்கில் அதன் அரசின் உள்துறை ஒன்று சொல்ல, சுகாதாரத் துறை நேர்மாறாகச் சொல்லிற்று. 2015 டிசம்பரில் சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தபோது மக்களவை அதை அறிமுகப்படுத்தவே விடவில்லை. ஆதரவு 24, எதிர்ப்பு 71. நானூற்றுக்கு மேற்பட்ட மற்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் எங்கே போனார்கள்? ‘இதைப் பாராளுமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும்’ என்று பிற்பாடு சொல்லப்பட்டபோதெல்லாம் இந்த எண்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

டில்லியைச் சாடுவது நமக்கு எளிது. நம் வீட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யமானது.

1928-இல் சுயமரியாதைத் திருமணங்கள் தொடங்கின. புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை. பெரியாருக்கு அது வாழ்க்கை ஒப்பந்தம். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்றது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, வழக்காறு என்று சொல்லப் போதிய பழமையும் இல்லை என்பது காரணம். கால் நூற்றாண்டாக வாழ்ந்த தம்பதிகள் சட்டத்தின் கண்ணில் தம்பதிகள் இல்லை. அண்ணாதுரை முதல்வரானபின் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. அதன் வாசகம் கவனிக்கத்தக்கது: எந்த இரு இந்துக்களுக்கும் இடையே, உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும், மாலையோ மோதிரமோ தாலியோ போதும். ‘எந்த இருவரும்’ என்று திறந்த கதவு, ‘மனைவியாக’, ‘கணவனாக’ என்ற சொற்களில் வந்து பாதி சாத்திக்கொள்கிறது. வாஸ்தவம். ஆனால் திருமணத்தின் உயிர் இருவரின் சம்மதத்தில் இருக்கிறது, சடங்கில் இல்லை என்று இந்தியாவில் ஒரு மாநிலம் எழுதிவைத்தது அங்கேதான்.

அந்த மாநிலம் 2023-இல் என்ன செய்தது? ஒருபால் திருமணம் பற்றி மாநிலங்களின் கருத்தை மத்திய அரசு கேட்டது. பதில் வந்ததாக மே மாதம் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட ஏழு மாநிலங்களில் ராஜஸ்தான், ஆந்திரம், அஸ்ஸாம் மூன்றும் எதிர்த்தன. நான்கு அவகாசம் கேட்டன. ஏழில் தமிழ்நாடு இல்லை. சீர்திருத்தத்தின் வாரிசுகளுக்கு மௌனம் பழகிப்போன விஷயம். 2012-இல் பா.ம.க.வின் ராமதாஸ் ‘நாடகக் காதல்’ என்று ஊர் ஊராகச் சொன்னபோதும், 2016 மார்ச் 13 அன்று நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சாதி மீறி மணந்த இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டபோதும், பெரிய கட்சிகள் கொங்குநாட்டு ஓட்டுக் கணக்கைத்தான் முதலில் பார்த்தன. மேடையில் மனைவியும் துணைவியும் அருகருகே அமரலாம்; தன் பிள்ளை தானே தேர்ந்துகொண்ட துணைதான் மானப் பிரச்னை.

நீதிமன்றமும் இந்த முரணிலிருந்து தப்பவில்லை. 2023 ஆகஸ்டு 28 அன்று சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டியதில்லை, வீட்டாருக்கு அஞ்சி வருபவர்களுக்கு அப்படி நிபந்தனை போட்டால் அவர்கள் உயிருக்கே ஆபத்து என்று தீர்ப்பளித்த அமர்வில் நீதிபதி ரவீந்திர பட் இருந்தார். ஏழு வாரம் கழித்து, அக்டோபர் 17 அன்று, ஒருபால் இணைகளுக்கு அரசு அங்கீகாரம் தரும் கடமை இல்லை என்ற 3–2 பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. சம்மதம் போதும் என்ற தர்க்கம் இங்கே வந்து நின்றுவிட்டது. இதற்கு எதிர்முனையில் 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கு அறிவு போதாது என்று தீர்ப்பிலேயே சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அப்படிச் சொன்ன அரசியல்வாதி ஒருவர் பெயரைச் சட்டென்று சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் மேட்டுக்குடி விவகாரமா? வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படித் தோன்றவில்லை. பனியன் கம்பெனிகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வருகிறார்கள். லைன் வீட்டுக்காரரிடம் அக்கா தங்கை என்று சொல்லிக் குடியிருக்கும் இரண்டு தையல்காரிகளுக்கு, நியமனப் படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டம் தத்துவப் பிரச்னை அல்ல. 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் நிதி அமைச்சகமும் தெளிவுபடுத்தின: இத்தகையோர் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், துணையை நியமிக்கலாம், தடையில்லை. நல்லது. ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, வாரிசு அல்ல. சொந்த ஊரிலிருந்து அண்ணன் வந்து கேட்டால் சட்டம் அண்ணன் பக்கம் நிற்கும். சேமநிதியிலோ, தன்னை நம்பி வாழும் பெற்றோர் இருந்தால் வெளியாளை நியமிக்கவே முடியாது. கணக்கில் சேர்ந்திருக்கலாம், வாழ்க்கையில் சேரக் கூடாது என்பதுதான் அரசின் இன்றைய நிலைபாடு. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொன்னது ஒரு சிறு ஆறுதல்.

1967 சட்டத்தில் யாரும் அதிகம் பேசாத ஓர் அம்சம் உண்டு. அது அன்றிலிருந்து நடக்கும் திருமணங்களுக்கு மட்டுமானதல்ல. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் எல்லாம், நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது. நாற்பது ஆண்டுகள் சட்டம் இல்லாமல், ஊராரின் ஏளனத்தையும் நீதிமன்றத்தின் மறுப்பையும் தாங்கி வாழ்ந்தவர்களைத் தேடிச் சட்டம் பின்னோக்கி நடந்தது. அவர்கள் சட்டத்துக்காகக் காத்திருந்துவிட்டு வாழத் தொடங்கவில்லை.