பாட்டு இருக்கு, குரல் எங்கே?

உங்கள் வீட்டில் அறுபத்தைந்து வயது தாண்டியவர் யாராவது இருக்கிறாரா? பக்கத்தில் போய் 'பொங்கும் பூம்புனல்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். அடுத்த அரைமணி நேரம் உங்களால் எழுந்திருக்க முடியாது!

அது இலங்கை வானொலியின் காலை நிகழ்ச்சி. சென்னையிலும் திருச்சியிலும் நமக்கே வானொலி நிலையங்கள் இருந்தபோது, நம்மவர்கள் கடல் தாண்டிக் கொழும்புக்கு ஏன் காது கொடுத்தார்கள்?

ஒரு மந்திரிதான் காரணம். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்தார் பி.வி.கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதம்தான் சங்கீதம், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கத்தரி விழுந்தது.

கொழும்பிலோ, இரண்டாம் உலகப் போரின்போது நேசப்படைகளுக்காக நிறுவிய சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. போர் முடிந்து அது ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. விடுவார்களா? விளம்பரம் வாங்கினார்கள், பாட்டைப் போட்டார்கள். 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கி, இந்தி ரசிகர்களைக் கட்டிப் போட்டது. தமிழில் மயில்வாகனன், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று குரல்களுக்கே ரசிகர்கள் உருவானார்கள். தில்லி விழித்துக்கொண்டு 'விவித் பாரதி'யைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-ல். அதற்குள் நம்மவர்கள் கொழும்புக்குப் பழகிப்போயிருந்தார்கள்.

சரி, இன்றைய கதைக்கு வருவோம். 'அந்த நாள் ஞாபகம்' பாணியில் எங்கே பார்த்தாலும் சிறப்பு நிகழ்ச்சிகள். பழைய பாட்டாகப் போடுகிறார்கள். கேட்க சுகம்தான். ஆனால், யோசித்துப் பாருங்கள். பாட்டு என்றைக்குத் தொலைந்தது? இசைத்தட்டில் பத்திரமாகத்தானே இருந்தது! தொலைந்தது, இரண்டு பாட்டுக்கு நடுவே பேசிய குரல். பெரும்பாலும் நேரடிப் பேச்சு. பேசினார்கள், காற்றோடு போச்சு. அபூர்வமாக டேப்பில் பிடித்ததையும் அழித்துவிட்டு, அதே டேப்பில் வேறொன்றைப் பதிவது பல நிலையங்களில் சகஜம்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு அந்தக் கணக்கு புரிகிறது. காலி டேப்புக்கு விலை உண்டு. நேற்றைய குரலுக்கு மதிப்பு? பேரேட்டில் பூஜ்யம்!

பி.பி.சி.யே தப்பவில்லை. 1951-ல் தொடங்கிய 'கூன் ஷோ' நகைச்சுவை நிகழ்ச்சியின் ஆரம்பகாலப் பகுதிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1972-ல் பி.பி.சி.யின் பொன்விழாவுக்காக அதே கலைஞர்களைக் கூப்பிட்டு ஒரு சிறப்பு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஆட்கள் இருந்தார்கள், நடந்தது. 2001-லோ, 'உங்கள் வீட்டில் பழைய பதிவுகள் இருந்தால் கொடுங்கள்' என்று பொதுமக்களிடமே கேட்டது பி.பி.சி. தொலைந்த நிகழ்ச்சிகள் சில, ரசிகர்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்தன.

இங்கே மயில்வாகனனும் இல்லை, ராஜாவும் இல்லை. மறுபடி கூப்பிட்டுப் பேச வைக்க முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். பரணில் அப்பாவின் டூ-இன்-ஒன்னும், கூடவே ஒரு பெட்டி கேசட்டும் கிடக்கிறதா? பழைய பாட்டுதானே, செல்போனிலேயே இருக்கிறதே என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். ரேடியோவிலிருந்து பதிந்தது என்றால், பாட்டு முடிந்த பிறகும் கொஞ்சம் ஓட விடுங்கள்.

நாம் தேடுகிற குரல் அங்கேதான் இருக்கும்.