மெல்பர்ன் கால்பந்துக் கழகம்: வீரர் தேர்வும் வீரர் வளர்ப்பும்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் மிகப் பழைய கழகங்களுள் ஒன்றான மெல்பர்ன் கால்பந்துக் கழகம் 1858-இல் தோன்றியது. ரசிகர்களுக்கு அது ‘டீமன்ஸ்’. 1964-இல் கோப்பை வென்றபின் அடுத்த கோப்பைக்கு 57 ஆண்டுகள் காத்திருந்தது. நல்ல இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தும் அவர்களை வளர்க்கத் தெரியாமல் தடுமாறியதே இக்காலத்தின் பிற்பகுதி வரலாறு.

வளர்ப்பது இக்கழகத்துக்குப் புதிதல்ல. நார்ம் ஸ்மித் பயிற்சியாளராக இருந்த 1955–1964 காலத்தில் அது ஆறு கோப்பைகளை வென்றது. அந்த அணியின் பெரும் வீரர் ரான் பராசி. மெல்பர்ன் அணிக்கு ஆடிய அவருடைய தந்தை 1941-இல் டொப்ரூக்கில் போரில் இறந்தார். பின்னர் தாய் டாஸ்மேனியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, தந்தையின் சக வீரரான ஸ்மித் சிறுவனைத் தம் வீட்டில் தங்கவைத்துக்கொண்டார். தந்தை ஆடிய கழகத்தில் மகன் சேர இடமளிக்கும் ‘தந்தை–மகன்’ விதியால் பராசி அணிக்குள் வந்தார். 1964 முடிவில் அவர் கார்ல்டன் கழகத்துக்குப் போனார். மறு ஆண்டே நிர்வாகம் ஸ்மித்தை நீக்கி, சில நாள்களில் திரும்ப அழைத்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அணி பழைய உயரத்தை எட்டவில்லை.

1986-இல் ‘டிராஃப்ட்’ முறை வந்தது. பட்டியலில் கடைசியாக முடித்த அணி, புதிய இளைஞர்களில் ஒருவரை முதலில் தேர்ந்தெடுக்கலாம். பிற்பாடு, தொடர்ந்து இரண்டு பருவங்களில் ஐந்துக்கும் குறைவான வெற்றி பெற்ற அணிக்கு, முதல் சுற்றுக்கு முன்பே கூடுதலாக ஒரு தேர்வு தரப்பட்டது. நலிந்தவரைத் தூக்கிவிடும் நோக்கம் நல்லதுதான். ஆனால் தோற்பதற்கே பரிசு என்ற நிலையும் உண்டானது.

மெல்பர்ன் 2008-இல் மூன்று ஆட்டங்களிலும் 2009-இல் நான்கிலும் மட்டுமே வென்றது. 2008-இல் முதல் தேர்வாக ஜாக் வாட்ஸ் வந்தார். மறு ஆண்டு, பள்ளி மாணவராக இருக்கும்போதே, அரசியார் பிறந்தநாள் ஆட்டத்தில் காலிங்வுட்டுக்கு எதிராக அவரைக் களமிறக்கினர். 2009 டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வுகளும் மெல்பர்னுடையவை: டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ். பதின்ம வயதினர் சூழ்ந்த அணியில் தோள்கொடுக்க அனுபவசாலிகள் குறைந்துகொண்டே போயினர். 2010 முடிவில் அணித் தலைவர் ஜேம்ஸ் மெக்டொனால்டையே விலக்கினர். 2011 ஜூலையில் ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றதும் பயிற்சியாளர் டீன் பெய்லி நீக்கப்பட்டார். ஸ்கல்லி புதிய அணியான ஜயன்ட்ஸுக்குப் போய்விட்டார். டிரெங்கோவ் 20 வயதில் இணைத் தலைவராக்கப்பட்டார். பிற்பாடு பாத எலும்புக் காயம் அவருடைய ஆண்டுகளைத் தின்றது. 2009 பருவத்தை விசாரித்த லீக் நிர்வாகம், வேண்டுமென்றே தோற்றதாகத் தீர்ப்பளிக்கவில்லை என்றாலும், 2013-இல் கழகத்துக்கு 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இந்த இளைஞர்களைத் தவறான தேர்வுகள் என்று ஒதுக்குவது அநியாயம். ஸ்கல்லி வந்த அதே 2009 டிராஃப்டில், 34-ஆம் தேர்வாக மாக்ஸ் கான் என்ற நெட்டை இளைஞரும் வந்தார். முழங்கால் காயங்களால் அவர் தொடக்க ஆண்டுகளில் அதிகம் ஆடவில்லை. யாரும் அவர்மேல் கழகத்தின் எதிர்காலத்தைச் சுமத்தவுமில்லை. அவருக்குக் கிடைத்த அந்த அவகாசம் வாட்ஸுக்குக் கிடைக்கவே இல்லை. கான் 2016-இல் முதன்முறையாக, பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ‘ஆல்-ஆஸ்திரேலியன்’ அணியில் இடம்பெற்றார், 2020-இல் தலைவரானார்.

திருப்பம் 2013-இல் நேர்ந்தது. தலைமை நிர்வாகியாக வந்த பீட்டர் ஜாக்சன், சிட்னிக்குக் கோப்பை வாங்கித் தந்த பால் ரூஸைப் பயிற்சியாளராக அழைத்தார். ரூஸ் முதலில் தற்காப்பைச் சீர்செய்தார். டேனியல் கிராஸ், பெர்னி வின்ஸ் போன்ற முதிர்ந்தவர்கள் இளையவர்களோடு ஆட வந்தனர். அதன்பின் வந்த தேர்வுகள் வேறொரு கழகத்துக்கு வந்ததுபோலத்தான் வந்தன. 2014-இன் இரண்டாம் தேர்வான கிறிஸ்டியன் பெட்ராக்கா, முழங்கால் தசைநார் அறுந்து முதல் ஆண்டு முழுவதும் ஆடவில்லை; அவசரமில்லாமல் 2016-இல் களம் கண்டார். 2015-இல் நான்காம் தேர்வாகக் கிளேட்டன் ஆலிவர் வந்தார்.

அடித்தளம் உறுதியான பிறகே விலைகொடுத்து வாங்கியதும் பலித்தது. அடிலெய்டிலிருந்து ஜேக் லீவர், கோல்ட் கோஸ்டிலிருந்து ஸ்டீவன் மே ஆகிய இரு தற்காப்பு வீரர்கள் சேர்ந்தனர். 2021 செப்டம்பர் 25 அன்று பெர்த்தில் நடந்த இறுதியாட்டத்தில், சைமன் குட்வின் பயிற்றுவித்த மெல்பர்ன் மூன்றாம் கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கியது; பிறகு வெஸ்டர்ன் புல்டாக்ஸை 140–66 என்று வென்றது. ஆட்ட நாயகன் பெட்ராக்கா பெற்றது நார்ம் ஸ்மித் பெயரிலான பதக்கம். ஆனால், 2006 முதல் எல்லாத் தோல்விகளையும் தாங்கிய முன்னாள் தலைவர் நேதன் ஜோன்ஸுக்கு அந்த அணியில் இடம் கிடைக்கவில்லை.

2022, 2023 பருவங்களில் அணி இறுதிச் சுற்றில் ஓர் ஆட்டமும் வெல்லாமல் வெளியேறியது. 2024-இல் 14-ஆம் இடத்துக்கு இறங்கியது. 2025 ஆகஸ்டில் குட்வின் நீக்கப்பட்டார். அந்த ஆண்டு இறுதியில் பெட்ராக்கா கோல்ட் கோஸ்டுக்கும் ஆலிவர் ஜயன்ட்ஸுக்கும் சென்றனர். புதிய பயிற்சியாளர் ஸ்டீவன் கிங் பொறுப்பேற்றபோது கழகத்தின் கையில் மறுபடியும் முதல் சுற்றுத் தேர்வுகள் இருந்தன.