மீண்டும் எழுந்த கட்டி

என் சிறிய தாயாருக்கு மார்பில், முலைக்காம்பின் ஓரமாக, ஒரு கட்டி எழுந்தது. அப்போது அவருடைய கடைசிப் பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே பால் கட்டிக்கொண்டது என்று சொல்ல வழியில்லை. நாணத்தினால் பல நாள் மறைத்து வைத்தார். பின்னர்க் கீறிச் சீழை எடுத்தார்கள்; புண் ஆறியது. சில திங்கள் கழித்து அதே இடத்தில் மீண்டும் கட்டி தோன்றியது. இவ்வாறு மூன்று முறை கீறினார்கள். தம் உடம்பில் ஏதோ அசுத்தம் இருப்பதாகவே அவர் எண்ணி வருந்தினார். அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை மருத்துவ வரலாற்றைப் படித்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

பாலூட்டும் தாய்மாருக்கு வரும் அழற்சியை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பாலூட்டாதவருக்கு வரும் இந்நோயின் இயல்போ பிந்தியே விளங்கிற்று. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுஸ்கா, கிரைல், ஏயர்ஸ் என்னும் மூவர், இக்கட்டியின் வேர் பால்நாளத்தில் இருப்பதை எடுத்துக்காட்டினர். நாளத்திலிருந்து தோல் வரையில் புரையோடியிருக்கும். மேலே கீறிச் சீழை வடித்தாலும் அந்த வழி உள்ளே எஞ்சி நிற்கும். 1955-இல் லண்டன் மருத்துவர் அட்கின்ஸ், பவுத்திரத்தைத் திறந்து ஆற்றுவது போலவே இப்புரையையும் முழுவதும் திறந்து, அடியிலிருந்து ஆறவிடும் முறையை விளக்கினார். 1958-இல் பேட்டி, தாக்கரே என்னும் இருவர் காரணத்தை ஆராய்ந்தனர். நாளத்தின் உட்பக்கம் மேல்தோலைப் போல மாறிவிடுகிறது. அதிலிருந்து உதிரும் செதில்கள் நாளத்தை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. புகைபிடிப்போரிடம் இந்நோய் மிகுதி என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இன்று உடனே கத்தியை எடுப்பதில்லை. நுண்கிருமிக் கொல்லி மருந்து கொடுத்து, ஒலியலைக் கருவியால் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழை உறிஞ்சுகிறார்கள். திரும்பத் திரும்ப வருமானால், அழற்சி தணிந்த பின்னர் நோயுற்ற நாளத்தைப் புரையோடு அகற்றுகிறார்கள். வீக்கம் கரையாவிடில் சிறிது தசையை எடுத்துச் சோதிப்பது இன்றியமையாதது. காசநோயும் புற்றுநோயும் இதே வேடத்தில் வரக்கூடும்.

என் சிறிய தாயாருக்கு நான்காம் முறை வந்த மருத்துவர் நாளத்தையும் சேர்த்து அகற்றினார். அதன்பின் கட்டி எழவில்லை. அவர் மறைத்து வைத்த நாள்களை எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தமே உண்டாகிறது. இத்தகைய கட்டி கண்டவுடன், நாணத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் காட்டுமாறு தாய்மார்களையும் சகோதரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.