பெரிய துரையும் பெரியவரும்

ஒருவர் கடந்த ஆண்டுகளையும், அவ்வாண்டுகளிற் பெற்ற பழக்கத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுட் பல இலத்தீன் வழி வந்தவை. 'சீனியர்' என்பதற்கு அம்மொழியில் 'மேலும் மூத்தவர்' என்பதே பொருள். உரோமரின் 'செனட்' சபையும் அவ்வேரினின்று பெயர் பெற்றதே. 'வெற்றரன்' என்பான் நெடுநாட் படையிற் பழகியவன். 'எக்ஸ்பீரியன்ஸ்' என்பது முயன்று பார்த்தல் எனும் வினையடியாகப் பிறந்தது. இவற்றினும் வியப்புக்குரியது 'சேர்' என்னும் விளி. 'சீனியர்' பிரெஞ்சு மொழியிலே தேய்ந்து, ஆங்கிலத்துட் புகுந்து 'சேர்' ஆயிற்று. மூப்பைக் குறித்த சொல் மேன்மையைக் குறிக்கலாயிற்று.

இத்தகைய பொருட்பெயர்ச்சி அகராதியளவில் நிற்பதன்று என்பதற்கு நம் பதுளை மாவட்டத் தோட்டங்களே சான்று. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் 1869இல் மடுல்சீமையிலேயே காணப்பட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டனும் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார். பயிர் மாறிற்றேயன்றி ஆளும் முறை மாறவில்லை.

தொழில் கற்க வந்த வெள்ளை இளைஞனைத் துரைமார் தமக்குள் 'கிரீப்பர்' என்றனர். ஊர்ந்து படர்வது என்பது பொருள். பெரும்பாலும் அவன் கட்டணம் செலுத்தியே தொழில் பழகினான். சில காலத்தில் அவன் சின்னத்துரை. பின்னர்ப் பெரிய துரை. இவ்விரு தமிழ்ப் பெயர்களையும் ஆங்கிலேயர் தம் பேச்சிலும் எழுத்திலும் அப்படியே எடுத்தாண்டனர். சின்னத்துரைக்குத் தமிழ் கற்பிக்க 19ஆம் நூற்றாண்டிற் கொழும்பில் வெளிவந்த கைந்நூலொன்றின் பெயர் 'இங்கே வா'. நூலின் தலைப்பே ஏவலாக அமைந்தமை தற்செயல் என்று கொள்ள இயலவில்லை.

நம் வீடுகளிற் 'பெரியவர்' என்றால் வயதில் முதிர்ந்தவர். தோட்டத்துப் 'பெரிய'வுக்கு வயதோடு தொடர்பில்லை. பெரிய கங்காணி பெரும் ஆட்கூட்டத்தை உடையவர். அவருக்குக் கீழ்ப்பட்டவர் எத்துணை மூத்தவராயினும் சில்லறைக் கங்காணியே. பங்களாவில் ஏவல் செய்பவன் நரை தோன்றிய பின்னும் ஆங்கிலத்திற் 'போய்', தமிழிற் 'பொடியன்'. அறுபது வயதுக் கிளாக்கர் இருபத்திரண்டு வயதுச் சின்னத்துரையை நோக்கிச் 'சேர்' என்கையில், சொல்லின் வேரை நோக்கின், 'மூத்தவரே' என்றே விளிக்கிறார்!

துரையின் பழக்கத்துக்குப் படிதோறும் பெயர் இருந்தது. தொழிலாளியின் பழக்கத்துக்கு இருந்ததா? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, மலைநாட்டின் உயர்பகுதிக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம். வகுப்புகள் இம்மூன்றே. இருபதாண்டு கொழுந்து பறித்த கைக்கும் நேற்று மலையேறிய கைக்கும் சட்டம் வகுத்த விகிதம் ஒன்றே. ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டாகிறது. அக்காலத்தில் எந்த மலையில் எந்த நாளிற் கொழுந்து எடுப்பதென்பதைப் பழகிய பெண்கள் பார்த்த அளவிலே அறிவர். அவ்வறிவு செக்ரோலில் ஏறியதில்லை. அங்கே ஏறியது 'பேர்' ஒன்றே. வேலை குறைந்த நாளில் அதுவும் 'அரைப்பேர்'.

ஆண்டுகளை எண்ணாதிருந்த அரசு, பின்னர் அவற்றை எண்ணிக் காட்டுமாறு கேட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது வசித்தமையை நிறுவ வேண்டுமென்றது. ஒரே முறையில் ஓராண்டுக்கு மேல் தாய்நாடு சென்று தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மலையைக் காடுவெட்டித் திருத்திய தலைமுறைக்கு இதைவிட எளிய வினா இருந்திருக்க முடியாது. ஆயினும் விடை கூற வேண்டியது வாய் அன்று, பத்திரம். பிறப்புப் பதிவும் பழைய செக்ரோலும் கிட்டாதவர், தம் ஆயுளையே சான்றாகக் காட்ட இயலாது திகைத்தனர். ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஆறில் ஒரு பங்கினரளவே.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் வழிவந்தோர்க்கும் குடியுரிமை வழங்கியது. 1949இன் சட்டப்படி விண்ணப்பித்த பெரியவர்களுட் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.