காரைக்காலில் வீடு கட்டுதல்

காவிரியின் கடைமடையில், வங்கக் கடலோரத்தில் உள்ள காரைக்கால் மாவட்டத்தில் தனிக் குடியிருப்பைச் சொந்தப் பொறுப்பில் எழுப்பும்போது கவனிக்க வேண்டிய நிலம், சட்டம், பருவம், கட்டுமான முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் கடல்நீர் ஏறுவதற்கும் ஓதம் என்றே பெயர். சுவரில் ஈரம் ஏறுவதற்கும் ஓதம் என்றே பெயர். காரைக்காலில் வீடு கட்டுகிறவர் இந்த இரண்டு ஓதங்களையும் எதிர்கொள்கிறார். இவற்றைத் தடுக்கும் வேலைகளில் பெரும்பாலானவை மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறைந்துவிடுபவை. ஆகவே மூடப்படும் ஒவ்வொன்றையும் மூடுமுன் பார்ப்பதே வீட்டுக்காரரின் முதல் கடமை.

நிலமும் காலநிலையும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. கிழக்கே கடலும் மற்றப் பக்கங்களில் தமிழ்நாடும் எல்லை. அரசலாறு, திருமலைராயனாறு, நாட்டாறு, வாஞ்சியாறு முதலிய காவிரிக் கிளைகள் இவ்வழியே கடலை அடைகின்றன. நிலம் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மட்டுமே மேலே உள்ளது. கடற்கரையை ஒட்டி மணலும், மேற்கே திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் நஞ்சைக் களிமண்ணும் மிகுதி.

ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. புயல்களும் அப்போதே வரும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு உள்ளிட்ட மீனவ ஊர்களைத் தாக்கியது. அதன்பின் பல குடும்பங்களுக்குக் கரையிலிருந்து தள்ளி வீடுகள் கட்டித் தரப்பட்டன.

பழைய வீடுகள்

1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. அக்காலத்து வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. உயர்ந்த திண்ணை தெருவெள்ளத்தை வெளியே நிறுத்தியது. முற்றம் காற்றை உள்ளே இழுத்தது. சுண்ணாம்புப் பூச்சு, ஏறிய ஈரத்தை மீண்டும் காற்றில் விட்டது. இத்தகைய சுவரின்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர் சுண்ணாம்புப் பூச்சையே தொடர்வது நல்லது.

மனை வாங்குமுன்

பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், நிலஅளவைப் படம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பழைய குடும்பச் சொத்துகளில் பிரெஞ்சு மொழிப் பத்திரங்கள் இருப்பதுண்டு. அவற்றை அம்மொழி அறிந்த வழக்குரைஞரிடம் காட்டித் தெளிவு பெற வேண்டும்.

புதுச்சேரிப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்ற அளவுகளில் குறிக்கப்படும். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 1,076 சதுர அடி. ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். வாய்ப்பேச்சில் வழங்கும் 'குழி' இடத்துக்கு இடம் மாறும்: தஞ்சைப் பகுதிக் குழி 144 சதுர அடி, புதுச்சேரிப் பகுதிக் குழி 576 சதுர அடி. விலையை எப்போதும் சதுர மீட்டரிலோ சதுர அடியிலோ பேசி முடிப்பதே பாதுகாப்பு.

மனையை ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வடிகிறது என்பதைக் கோடையில் பார்த்து அறிய முடியாது. நஞ்சையைத் திருத்திய மனைப்பிரிவில் பழைய பாசன வாய்க்கால் தூர்ந்திருக்கலாம். நிலஅளவைப் படத்தில் அதன் தடம் தெரியும். வாய்க்காலை அடைத்துக் கட்டிய வீடு மழையில் தானும் நனையும், அக்கம்பக்கத்தையும் நனைக்கும்.

அனுமதியும் கடலோர விதியும்

காரைக்காலுக்குத் தமிழ்நாட்டின் கட்டட விதிகள் பொருந்தா. 1969-ஆம் ஆண்டின் புதுச்சேரி நகர, கிராமத் திட்டச் சட்டமும், 2012-ஆம் ஆண்டின் கட்டட, மண்டல ஒழுங்கு விதிகளுமே அடிப்படை. திட்ட அனுமதிக்குக் காரைக்கால் திட்டக் குழுமத்தையும், உள்ளூர் ஒப்புதல்களுக்கு நகராட்சியையோ கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளில் உரியதையோ அணுக வேண்டும். எல்லைக்கு அப்பால் உள்ள உறவினர் வீட்டின் வரைபடத்தைப் பார்த்து இங்கே இடைவெளியும் உயரமும் முடிவு செய்வது வீண் செலவில் முடியும்.

உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் செல்லும். ஓதம் ஏறும் ஆற்றுக் கரைகளும் இவ்விதிக்குள் வருவதால், கடலைக் கண்ணால் காண முடியாத மனைக்கும் இது பொருந்தலாம். 2011 அறிவிக்கை ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டரைக் கட்டுமானம் கூடாத பகுதி என வகுத்து, மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோரச் சமூகத்தினரின் வீடுகளுக்கு 100 முதல் 200 மீட்டருக்குள் வழிவிட்டது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் இத்தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தது. எந்த வகை தம் மனைக்குப் பொருந்தும் என்பதை முன்பணம் கொடுக்குமுன் திட்டக் குழுமத்தில் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

பருவம்

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் கடைமடை நிலத்தில் நிலத்தடி நீரும் ஏறியே இருக்கும். அப்போது வானம் தோண்டினால் ஊற்று வரும், குழியின் பக்கங்கள் சரியும். மாசி முதல் வைகாசி வரை அடித்தள வேலைக்கு ஏற்ற காலம். தை பிறந்ததும் மனை முகூர்த்தம் செய்யும் ஊர் வழக்கம் இதற்கு நன்கு பொருந்துகிறது. புரட்டாசிக்குள் தளம் போட்டுவிட்டால், மழைக்காலத்தில் உள்வேலையைத் தொடரலாம்.

அடித்தளம்

சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்தால் அது ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும் களி. அதன்மேல் ஆழமில்லாத கடக்கால் எழுப்பினால் சுவர்கள் மூலைவாட்டில் விரிசல் விடும். இத்தகைய மண்ணுக்கென ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குமிழ் அடிப்பைல் முறையை உருவாக்கியது. துளையின் அடியில் தண்டைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விட்டமுள்ள குமிழ் அமையும். பருவத்துக்குப் பருவம் மண் அசையும் ஆழத்துக்குக் கீழே அது வீட்டைப் பிடித்துக்கொள்ளும். பைலா, தனித்தனி பில்லர் அடித்தளமா என்பதை மண் பரிசோதனையின் அடிப்படையில் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டில் செய்ததையே செய்வது போதாது. பத்து மீட்டர் தள்ளிப் பழைய குளம் இருந்திருக்கலாம்.

மேடாக்கக் கொட்டிய சவுடு மண் வீட்டின் பாரத்தைத் தாங்காது. அடித்தளம் அதைத் தாண்டி இயற்கை மண்ணில் இறங்க வேண்டும். நிரப்பும் மண்ணை அரையடி, முக்காலடி அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்வதால், தரைமட்டத்தை இன்றைய சாலைக்குச் சமமாக வைத்தால் சில ஆண்டுகளில் வாசல் பள்ளமாகும். தரை போடுமுன் கறையான் மருந்து அடிப்பதும் இக்கட்டத்துக்கு உரியது.

கான்கிரீட்டும் கம்பியும்

கடலோர வீடுகளில் தளம் பிளந்து கட்டியாக விழுவதற்குக் காரணம் உள்ளிருக்கும் கம்பியின் துரு. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கிறது. அத்துருவைத் தூண்டும் உப்பு கம்பியை அடைய இரண்டு வழி: காற்றோடு வெளியிலிருந்து வருவது ஒன்று, கலவைத் தண்ணீரிலும் மணலிலும் நாமே கலந்துவிடுவது மற்றொன்று. இரண்டாவதை முழுமையாகத் தடுக்கலாம்.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, கம்பியுள்ள கான்கிரீட்டின் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என்கிறது. கரையோரப் போர்த் தண்ணீரில் உப்பு மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால், சோதித்த பின்பே பயன்படுத்த வேண்டும். கடல் மணலைத் தொடவே கூடாது. டெல்டாவில் பாறை இல்லாததால் ஜல்லியும் எம்-சாண்டும் வெளி மாவட்டங்களிலிருந்து வருகின்றன. லோடு இறங்கும்போதே தூசியும் மண்ணும் கலந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

அதே தரநிலை, கடற்காற்று நேராகத் தாக்காத கரையோரக் கட்டடத்துக்கு எம்25 கலவையும் 30 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்), உப்புக்காற்று நேராகப் படுவதற்கு எம்30 கலவையும் 45 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது. பில்லருக்குக் குறைந்தது 40, அடித்தளத்துக்கு 50 மில்லிமீட்டர். கம்பிக்கு அடியில் ஜல்லித்துண்டு வைப்பதை விடுத்து, கவர் பிளாக் வைத்துக் கட்டினால்தான் இந்த அளவு நிற்கும். எம்30 கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர், மணலின் ஈரத்தையும் சேர்த்து. கலவை இளகுவதற்காகக் கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு வாளியும் பின்னாளில் உப்புக்கு வழி திறக்கிறது.

சாம்பல் கலந்த போசோலானா சிமென்ட்டும் கசடு சிமென்ட்டும் உப்பு ஊடுருவலைத் தடுப்பதில் நல்லவை. ஆனால் இவற்றுக்கு 14 நாள் நீராற்றல் தேவை. தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்குவதும், பில்லரில் ஈரச்சாக்கு சுற்றுவதும் தவறக் கூடாது. நாலரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது. ஈரக்காற்றில் சிமென்ட் விரைவில் கட்டிபடும். மூன்று மாதம் கிடந்த மூட்டையைச் சோதிக்காமல் சேர்க்கக் கூடாது.

சுவர், கூரை, கழிவுநீர்

கடக்காலுக்கு மேல் ஓதத்தடுப்புப் படலம் வீடு முழுவதும் விட்டுப்போகாமல் ஓட வேண்டும். அது விட்டுப்போன இடத்தில்தான் பூச்சு பொரிந்து உப்புப் பூக்கும். செங்கல்லை நனைத்தே அடுக்க வேண்டும். தளத்தின்மேல் சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி பரப்பித் தட்டோடு பதிக்கும் பழைய முறை வெயிலுக்கும் மழைக்கும் இன்றும் ஏற்றது. தகரக் கூரை போடுவோர், காற்று மேல்நோக்கித் தூக்கும் என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொரு விளிம்பையும் வளை போல்ட்டால் சட்டத்தோடு இறுக்க வேண்டும்.

நிலத்தடி நீர் ஏறும் மாதங்களில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. செப்டிக் டேங்கின் அடியும் பக்கமும் நீர் புகாதவையாக அமைய வேண்டும். கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. போர் போட, புதுச்சேரியின் 2002 நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி தேவை. ஆழமாகப் போகப் போக நல்ல தண்ணீர் என்பது கரையோரத்தில் உறுதியில்லை. மாடியில் விழும் மழையைச் சேமிப்பது நம்பகமான துணை.

ஒப்பந்தமும் மேற்பார்வையும்

சதுர அடிக் கணக்கில் விடும் ஒப்பந்தமானாலும் கூலி ஒப்பந்தமானாலும், கலவைத் தரம், கம்பியின் விட்டம், கவர் அளவு, நீராற்றும் நாள்கள் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். வானம், அடித்தளம், பெல்ட், லிண்டல், தளம் எனக் கட்டம் கட்டமாகப் பணம் கொடுத்து, இறுதிப் பகுதியை ஒரு மழைக்காலம் கடந்தபின் தீர்ப்பது நியாயமான ஏற்பாடு. ஒன்றியப் பகுதியில் ஏழைக் குடும்பங்களுக்குக் காமராஜர் கல்வீடு திட்டமும் பிரதமர் வீட்டு வசதித் திட்டமும் உண்டு. இவற்றில் சேர விரும்புவோர் வேலை தொடங்குமுன் விண்ணப்பிக்க வேண்டும்.

ஐந்து நேரங்களில் வீட்டுக்காரர் மனையில் நிற்பது நல்லது: வானம் தோண்டி முடித்ததும், அடித்தளக் கம்பி கட்டியதும், ஓதத்தடுப்பு பூசியதும், தளக் கம்பி கட்டியதும், செப்டிக் டேங்க் மூடுமுன்பும். ஒவ்வொரு முறையும் அளவுநாடா வைத்துப் படம் எடுத்துத் தேதியிட்டு வைத்தால், பிற்காலத்தில் பழுது பார்க்க வருகிற கொத்தனாருக்கு அதுவே வழிகாட்டியாகும்.